முப்பத்தொன்றாம் இடம்

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன் வந்துவிட்டது. "ம்மா, ஒரு ஜோக் கேளு. நம்ம வீட்டுக்கு அடியில சுண்ணாம்புக்கல் இருக்காம். மெஷின் சொல்லுது. மொத்தம் ஏழு எடத்துல காட்டுது. அப்பாட்டச் சொல்லி வீட்ட இடிக்கச் சொல்லு, குவாரி போட்ருவோம்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "ஒன் நோட்டுல உள்ள பாயிண்டெல்லாம் சூப்பரும்மா. அத வச்சுத்தான் மெஷினே படிச்சிருக்கு. ரிப்போர்ட்ல ஒனக்கு நன்றின்னு பேரு போடச் சொல்லிருக்கேன்" என்றாய். எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

உன் பேச்சுக்கு அன்று நான் சொல்லாத பதில்தான் இந்தக் கடிதம். பன்னிரண்டு வருடம் தாமதமாக எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க எழுதவில்லை. உன் கம்பெனியில் உனக்கு மேலே இருப்பவரிடம் காட்டு. இங்கே நம் தெருவில் ஒன்பது வீட்டுக்கும் நானே ஒரு நகல் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

உன் வேலை என்னவென்று தெருவில் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். மேலே சுற்றும் செயற்கைக்கோள் நம் தரையைப் படம் எடுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியிலும் எடுக்கிறது. ஒவ்வொரு கல்லும் மண்ணும் அந்த ஒளியைத் தன் விதத்தில் திருப்பி அனுப்பும். ஆனால் எந்தச் சாயல் எந்தக் கல்லுக்குரியது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. யாராவது தரையில் நடந்து போய், இந்த இடத்தில் இருப்பது இது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அறுபது இடம் சொல்லிக்கொடுத்தால், மிச்சம் இருக்கிற ஆயிரமாயிரம் இடத்துக்கும் அதுவே பெயர் வைத்துவிடும். அந்த அறுபது இடமும், திண்டுக்கல் சமவெளி முழுக்க, நான் நடந்து போய் எழுதியவை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரும்புப் பெட்டியில் இருந்து அந்த நோட்டை எடுத்து, "இத நான் வச்சுக்கவாம்மா?" என்று கேட்டாய். "பழசுடா, எதுக்கு" என்றேன். நீ ஏற்கெனவே அதை உன் பைக்குள் வைத்துவிட்டிருந்தாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மேசையில் கேக் இருந்தது, உன் அப்பா பக்கத்தில் இருந்தார், நீ சந்தோஷமாக இருந்தாய். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கையில் இருந்திருக்கிறது.

அந்த அறுபதில் ஒன்று பொய். முப்பத்தொன்றாம் இடம். அது தெரியாமல் நடந்த தவறு என்று நீ எனக்காக எடுத்துக்கொள்வாய் என்பதற்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்: தெரிந்துதான் விட்டேன்.

ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன். காலேஜில் இரண்டாம் வருடம் ஜியாலஜி படிக்கும்போதே எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். உன் அப்பா அப்போதுதான் டிராக்டர் எடுத்திருந்தார். திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், எவ்வளவு என்று உனக்குத் தெரியும். ஆட்டுத் தோலில் இருந்து முடியைக் கழற்ற அதைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அதற்குப் பிறகு உப்பு, மருந்து என்று பல தொட்டிகள். தொட்டிகளைக் கழுவும்போது அடியில் வெள்ளையாகச் சேறு தங்கும். ஷாப்புக்காரர்களுக்கு அதை எங்கேயாவது அகற்றியாக வேண்டும். ஊர் விரிந்துகொண்டிருந்த காலம். பள்ளத்தில் மனை வாங்கியவர்களுக்கு எதையாவது போட்டு அதை மேடாக்கியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே உன் அப்பாவின் டிராக்டர் ஓடியது. அந்தச் சேறு காய்ந்துவிட்டால் பார்க்க நல்ல வெள்ளை மண். மிதித்தால் கெட்டியாக நிற்கும். குளத்து ஓரத்தில் நாம் வாங்கியதும் பள்ளமான மனைதான். உனக்கு மூன்று வயதில் அதை நிரப்பினோம். நம் மனையோடு தெரு முழுக்க நிரம்பியது. வாடை வந்தது. "ஒரு மழ பேஞ்சாப் போயிரும்" என்றார் உன் அப்பா, போயும் விட்டது. நீ அந்தக் குவியலில் ஏறிச் சறுக்கி விளையாடித் தலைமுடி வெளுத்து வந்து நிற்பாய். "ஏலே கெழவா, பென்சன் வாங்கியாச்சா?" என்று உன் அப்பா உன்னைத் தூக்கிச் சுற்றுவார். நான் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். மண்ணையும் கல்லையும் பற்றிப் படித்தவள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுக்கு வருகிற மண்ணைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

நீ ஐந்தாம் வகுப்பு போனபோது எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஒரு கல்லூரியில், செயற்கைக்கோள் படத்தை வைத்து மேற்பரப்புக் கனிமங்களை வரைபடமாக்கும் ஆராய்ச்சி. ஒன்றரை வருடம். துறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மட்டும் ஏசி. நாங்கள் வெளியே வியர்த்துக்கொண்டு நிற்போம். காலையில் உனக்குச் சோறும் வெஞ்சனமும் கட்டிக் கொடுத்துவிட்டு, வரைபடத் தாள், திசைகாட்டி, ஒரு சுத்தியல், உன்னுடைய பழைய கண்மருந்துச் சீசாவில் நீர்த்த அமிலம், இவ்வளவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு நாள் ஆத்தூர்ப் பக்கம், ஒரு நாள் பழனி தாண்டித் தொப்பம்பட்டிப் பக்கம். அந்தப் பக்கத்தில் கல்லைத் தட்டிக்கொண்டு நின்றால், "ஏனுங்க, தங்கமுங்களா?" என்று கேட்பார்கள். நம் பக்கம் என்றால், "ஏம்மா, வீட்ல சண்டையா? தனியா வந்து கல்ல ஒடைக்கிற?" என்பார்கள். அந்த ஒன்றரை வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன் அப்பு. அதையும் சொல்ல வேண்டும். வெள்ளையாக ஒரு கல் இருந்தால் அதில் ஒரு சொட்டு அமிலம் விடுவேன். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் வேறு. உலகத்தில் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் பொருள் வேறு இல்லை என்று நினைத்தேன்.

முப்பத்தொன்றாம் இடம் ஊருக்குக் கிழக்கே ஓர் ஓடைக்கரை. படத்தில் அந்த இடம் பளிச்சென்று இருந்ததால் போனேன். கரை நெடுக வெள்ளைத் திட்டு, மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஒரு சின்னக் கட்டியைப் பெயர்த்து டப்பா மூடியில் வைத்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. வெயிலில் நின்றபடியே எழுதினேன்: 'நுரைத்தது. சுண்ணாம்புக்கல்.' எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு மூடியைப் பார்த்தேன். கட்டி கரைந்து போயிருந்தது. கரைந்த இடத்தில் முடி கிடந்தது. குட்டை குட்டையாக, பழுப்பும் கறுப்புமாக ஆட்டு முடி.

கொஞ்சம் தள்ளி ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "என்னாத்தா பாக்குற? அது கல்லு இல்ல. தோல் ஷாப்புல இருந்து கொண்டாந்து கொட்டுறது. என் ஆடு இந்தப் பக்கம் வாய வைக்காது, பாத்துக்க" என்றாள்.

"யாரு கொண்டாந்து கொட்டுறா?"

"யாரோ ஒரு டிராக்டர்க்காரன். முன்னால மாதா படம் ஒட்டியிருக்கும்."

மாதா படம் ஒட்டிய டிராக்டர் திண்டுக்கல்லில் எத்தனையோ உண்டு. மூடியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பப் போனேன். அவள் விடவில்லை. "ஆனா ஓட்டுறவன் தங்கமான ஆளு ஆத்தா. குட்டி குறுக்க வந்துச்சுன்னா வண்டிய நிறுத்தி எறங்கித் தூக்கி ஓரமா விட்டுட்டுத்தான் போவான். அம்புட்டு எளகுன மனசு." அதற்கு மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிச் செய்யும் டிராக்டர்க்காரர் ஒருவர்தான்.

நோட்டு என் கையில்தான் இருந்தது. ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுச் 'சுண்ணாம்புக் கழிவு, தோல் ஷாப்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. அந்த வருடம் ஊர் எங்கும் அதே பேச்சாக இருந்தது. கிணறு கெட்டுப்போனது என்று சுற்றுப்பக்கத்துக் கிராமத்து ஆட்கள் தோல் ஷாப் வண்டிகளை மறித்து நிறுத்துவதும், ஓட்டுபவரை இறக்கி அடிப்பதும் நடந்துகொண்டிருந்தது. நான் எழுதினால் அது அறிக்கைக்குப் போகும். அறிக்கையைப் படிப்பவர்கள், கொட்டியது யார் என்று கேட்பார்கள். எனக்கு முப்பது வயது. உனக்குப் பத்து. இவ்வளவுதான் நான் யோசித்தது. பயந்தேன். பயந்தவள் செய்வதைச் செய்தேன். எழுதியதை எழுதியபடியே விட்டேன்.

ஒரு வரிதானே என்று நினைத்தேன். அறுபதில் ஒன்று. மெஷினைப் பற்றி அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. அது பொய்யும் சொல்லாது, சந்தேகமும் படாது. நாம் ஒரு பொய்யைக் கற்றுக்கொடுத்தால், அதே மாதிரி இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று சமவெளி முழுக்கப் போய்த் தேடிக்கொண்டுவந்து நம் முன்னால் வைக்கும். ஒரு பகல் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் படித்தது. மறுநாள் திரையில் படம் வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு நாங்கள் நீல நிறம் கொடுத்திருந்தோம். ஓடைக்கரை முழுக்க நீலம். அது போக இன்னும் நான்கு இடத்தில் நீலம். எங்கள் துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்னம்மா இது? இம்புட்டுச் சுண்ணாம்பு இங்க இருந்தா, இத்தன வருஷமா எவன் கண்ணுலயும் படாமயா இருந்திருக்கும்?"

"சுக்கான்கல் சார். மண்ணுல சுண்ணாம்பு எறுகுனது, மேலாப்புல பரவியிருக்கு."

"நேர்ல போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நீ பாத்தேன்னா சரிதான்" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அவர் என்னை நம்பினார் அப்பு. என் மீது சந்தேகம் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அவர் டீ குடிக்கப் போனதும் நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ரயில் பாதையைக் கண்டுபிடித்தேன். அதில் இருந்து குளத்தைக் கண்டுபிடித்தேன். குளத்து ஓரத்தில், நம் தெரு இருக்கும் இடத்தில், சின்னச் சின்னச் சதுரங்களாக நீலம் இருந்தது. வீடுகள் இன்னும் நெருங்காத காலம். காலி மனைகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஓடைக்கரையில் ஆடு வாய் வைக்காத அதே பொருள், நம் வாசலில்.

அன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன். பின்கட்டில் நீ கிணற்றில் வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய். வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கைகளில் ஏந்திக் குடித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தினமும் அப்படித்தான் செய்வாய். அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். ஓடி வந்து உன் கையைத் தட்டிவிட்டேன். நீ பயந்து போய், "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று அழுதாய். உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. முழங்கை மடிப்பில் உனக்கு இரண்டு வருடமாக ஆறாத புண் இருந்தது. டாக்டர் சூட்டுப் புண் என்று களிம்பு கொடுத்திருந்தார். அன்று அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள், கிணற்றில் பூனை விழுந்து செத்துவிட்டது என்று சொன்னேன். "நாலு நாளு எறைச்சு விட்டாச் சரியாப் போகும் புள்ள" என்றார் உன் அப்பா. எனக்கு அருவருப்பாக இருக்கிறது, இனி இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பலகை போட்டு மூடினோம். அதன் பிறகு நான் தெருக்கோடிக் குழாயில் இருந்து குடம் குடமாகச் சுமந்ததும், என் இடுப்பு வலியும், நீ 'அம்மாவுக்கு ஓவர் சுத்தம்' என்று கேலி செய்ததும் உனக்குத் தெரியும். எந்தப் பூனையும் விழவில்லை. நான்கைந்து மாதத்தில் உன் புண் ஆறியது. தண்ணீரை மாற்றியதால் ஆறியதா, களிம்பால் ஆறியதா, எனக்குத் தெரியாது. வேறு எதுவும் உனக்குள் மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியாது. உனக்குச் சளி பிடித்தால்கூட நான் அளவுக்கு மீறிப் பதறுவது இதனால்தான். இத்தனை வருடத்தில் நீ தும்மிய தும்மல் ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவிடம் சுற்றி வளைத்து ஒருமுறை கேட்டேன், அந்த வெள்ளை மண் நல்லதுதானா என்று. "சுண்ணாம்புதான புள்ள? செவுத்துக்கு அடிக்கிறோம், வெத்தலையில தடவித் திங்கிறோம். அதுல என்ன வெசம் வந்துச்சு?" என்றார். அவர் மனதில் அதுதான் இருந்தது, பொய் இல்லை. அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து உப்பும் மற்ற மருந்துகளும் தொட்டிக்கு அடியில் தங்கும், மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்கும் என்று நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஊரெல்லாம் கொட்டியதை நினைத்து அவர் உடைந்து போவார் என்று விட்டேன். மூன்று வருடம் கழித்து டிராக்டரை விற்றார். அதோடு முடிந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அறிக்கை எங்கேயோ ஓர் அலமாரியில் தூங்கியது. என் வீட்டுக் கிணறு மூடியிருந்தது. என் பிள்ளை குழாய்த் தண்ணீர் குடித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்தது இதைவிட மோசம். தெருக் கடைசியில், சீமைக்கருவேல்கூட முளைக்காமல் கிடந்ததே ஒரு மனை, அதில் இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு கட்டிக் குடிவந்தார்கள். அந்த வீட்டுப் பெண் செல்வியை உனக்குத் தெரியும். உன்னைவிட ஒரு வயது சின்னவள், கைக்குழந்தைக்காரி. குழாயில் தண்ணீர் பற்றவில்லை என்று போன கோடையில் போர் போட்டார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நானும் போய் நின்றேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். வெளியே இருந்து கொஞ்சம் எருவும் மண்ணும் போட்டு, அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிக் கீரை வளர்க்கிறாள். வாரத்துக்கு ஒரு கட்டு நமக்கும் கொண்டுவந்து தருவாள். "அக்கா, கைப்பக்குவமாச் செஞ்சு அண்ணனுக்குக் குடுங்க" என்பாள். வாங்கிக்கொண்டு சிரிப்பேன். அவள் தலை மறைந்ததும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவேன். மறுநாள் கேட்டால், ருசியாக இருந்தது என்பேன். ஒரு வருடமாக இப்படி. எனக்கும் உன் அப்பாவுக்கும் வேண்டாம் என்று நான் எறிந்த அதே கீரையை அவள் மசித்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வரைபடத்தை வாங்கப் போகிறவர்கள் சிமெண்டுக்குக் கல் தேடுபவர்கள் என்று நீ சொன்னாய். அதை நம்பி வந்து குழி வெட்டிப் பார்ப்பார்கள். இருபது வருடமாக இறுகிக் கிடப்பதைக் கிளறி மேலே போடுவார்கள். ஐப்பசி மழைக்கு அது எங்கே போகும் என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதை நிறுத்த வேண்டும்.

உனக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை நீ. முப்பத்தொன்றாம் வரியை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு மெஷினை மறுபடி ஓட்டிவிடலாம், அம்மா பெயரும் கெடாது, அப்பா பெயரும் கெடாது, உன் வேலைக்கும் ஆபத்தில்லை என்று தோன்றும். செய்யாதே. அழித்தால் வரைபடம் சுத்தமாகிவிடும். அந்த இடமெல்லாம் வெறும் தரிசு என்று காட்டும். நான் கிணற்றுக்குப் பலகை போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வரியை வைத்துக்கொள், பெயரை மாற்று. 'தோல் ஷாப் கழிவு' என்று எழுது. தனி நிறம் கொடு. அப்புறம் அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று மெஷினைத் தேடச் சொல். நீ சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. உன் சீனியர் கோபப்படுவார். படட்டும். நான் முப்பது வயதில் ஒருவருடைய கோபத்துக்குப் பயந்தேன், அதன் விலையை ஒரு தெரு கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீ இருபத்திரண்டு வயதில் ஒருவருடைய கோபத்தைத் தாங்கிவிடு. இன்னொன்று. யார் கொடுத்த புள்ளி என்றாலும், பெற்ற தாய் கொடுத்தது என்றாலும், நேரில் போய்க் குனிந்து தொட்டுப் பார்க்காமல் அதை மெஷினுக்குக் கற்றுக்கொடுக்காதே.

இதுவரை எழுதிவிட்டு, எழுதியதை மடித்து வைத்துவிட்டுச் செல்வி வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதுவது எளிதாகத்தான் இருந்தது. அந்த நாற்பது அடி நடப்பது எளிதாக இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணையும், தண்ணீரையும், கீரையையும்.

"ஒங்க கெணத்துல பூன விழுந்துச்சுன்னு சொன்னாங்களேக்கா?"

"விழல செல்வி."

"நாங்க போர் போட்ட அன்னைக்கு நீங்க வந்து பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

பிள்ளையின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "வந்து சொன்னீங்களே, அது வரைக்கும் சரி. இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்கக்கா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. திரும்பி வரும்போது அவள் வீட்டு மோட்டார் ஓடும் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

அடுத்து உன் அப்பா. அவருக்கு இந்தக் கடிதம் முழுவதையும் காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அவர் கொட்டிய பகுதி வந்தபோது நிறுத்தினேன். "படி" என்றார். படித்தேன். உடைந்து போவார் என்று பன்னிரண்டு வருடம் பொத்தி வைத்தேனே, அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"ஒன் மகன் மெஷினு எத்தன எடம் காட்டுது?"

"நம்ம தெருவோட சேத்து ஏழு."

"ஏழுதானா?" என்றார். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து, மறுபடி முதலில் இருந்து எண்ணினார். "பதினொண்ணு புள்ள. பதினோரு எடத்துல கொட்டியிருக்கேன். நாலு எடத்துல மேல செம்மண்ணு அடிச்சு மூடிட்டோம். ஆகாசத்துல இருந்து பாக்குறது மேல உள்ளதத்தான பாக்கும்? மூடுனது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை அப்பு. படித்தவள் நான், மேற்பரப்பு மேற்பரப்பு என்று ஒன்றரை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். எந்த நாலு இடம் என்று கேட்டேன். மூன்றுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்கிறார். ஒன்றை மட்டும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்து மைதானம். மழைக்குத் தண்ணி நிக்குதுன்னாங்க. நம்ம பய படிக்கிற எடம்னு இனாமாவே போட்டுக் குடுத்தேன்."

நீ எட்டு வருடம் பந்து விளையாடிய இடம். மைதானத்து மூலையில் அடிபம்பு இருந்ததே, இப்போது அங்கே மோட்டார் வைத்துக் குழாய் வரிசை போட்டிருக்கிறார்கள். உன் அப்பா வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறார், முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போக. இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் போடுவேன். மற்ற மூன்று இடங்களையும் பார்த்துவிட்டு உனக்குப் போன் செய்கிறேன். அதுவரை அந்த வரைபடத்தை யாரிடமும் கொடுக்காதே. இப்போது மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு இண்டர்வெல் மணி அடித்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடி வருவார்கள்.

அம்மா